ஆலை வாசலில் நிற்கும் கையிருப்பு



உற்பத்தித் திட்டமிடல் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இதையே சென்னையில் பேசுவதானால் ஸ்ரீபெரும்புதூர்க் கார் ஆலைகளைக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம். கொல்கத்தாவுக்கு வந்தும் அதையே சொன்னால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். இங்கிருந்து வடக்கே பாராநகர், டிட்டாகர், ஜகத்தல், பாட்பாரா, காங்கினாரா, நைஹாட்டி. எதிர்க்கரையில் ரிஷ்ரா, ஸ்ரீராம்பூர், பத்ரேஷ்வர். ஹூக்ளியின் இரு கரையிலும் சணல் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. முன்கூட்டிக் கணித்த தேவைக்கு உற்பத்தியையும் ஆட்களையும் கையிருப்பையும் எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்விக்கு இந்தக் கரைகள் நூற்று நாற்பது ஆண்டுகளாக விதவிதமாக விடை சொல்லிப் பார்த்திருக்கின்றன. ஆகவே இன்று என் பேச்சு சாக்கைப் பற்றியது.

சாக்கு என்றதும் உங்களில் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையம் நினைவுக்கு வரும். அறுத்த நெல்லைக் கொண்டுவந்து களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். முறை வந்ததும் தூற்றி, நாற்பது கிலோவாக எடை போட்டு மூட்டை பிடிக்க வேண்டும். அப்போது நிலையத்துக்காரர் சொல்வார்: ‘சாக்கு வரலைங்க, ரெண்டு நாள் பொறுங்க.’ இரண்டாம் நாள் மழை பிடிக்கும். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க விதி இடம் தராது. மறுபடி காயப்போட வேண்டும், களத்துக்கூலி மறுபடி கொடுக்க வேண்டும். அந்த விவசாயியின் கோபம் நிலையத்துக்காரர் மேலும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மேலும் பாயும். ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஜகத்தலில் ஓர் ஆலை மூன்று ஷிப்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியது அவர் காதுக்கு எட்டாது.

தேவை ஒரே சீராக வருவதில்லை. இயந்திரமும் மனிதனும் ஒரே சீராக உழைக்கும்போதுதான் செலவு குறைகிறது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதுதான் எங்கள் துறையின் மூலப் பிரச்சினை. தேவை ஏறினால் ஆளைக் கூட்டலாம், ஓவர்டைம் கொடுக்கலாம், முன்பே செய்து அடுக்கிய சரக்கை எடுத்து அனுப்பலாம், அல்லது வாங்குபவரைக் காக்கவைக்கலாம். இவற்றுக்கு வெளியே எனக்குத் தெரிந்து வழி கிடையாது.

1950களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நால்வர் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள்: சார்லஸ் ஹோல்ட், பிராங்கோ மோடிக்லியானி, ஜான் மூத், ஹெர்பர்ட் சைமன். ஒரு பெயிண்ட் ஆலையை எடுத்துக்கொண்டு, சம்பளச் செலவு, ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் ஆகும் செலவு, ஓவர்டைம் செலவு, சரக்கை வைத்திருக்கவும் சரக்கில்லாமல் போகவும் ஆகும் செலவு என்று பிரித்து அளந்தார்கள். வரும் மாதங்களின் தேவைக் கணிப்பைக் கொடுத்தால் அவர்களுடைய விதி இரண்டு எண்களைத் தரும்: இந்த மாதம் எவ்வளவு உற்பத்தி, எத்தனை ஆள். 1960இல் புத்தகமாக வந்தது. பின்னாளில் சைமன் 1978லும் மோடிக்லியானி 1985லும் பொருளியல் நோபல் பெற்றார்கள். மேலாண்மை வகுப்புகளில் இன்றும் இந்தப் பாடம் நடக்கிறது.

அந்த விதியில் எனக்குப் பிடித்த அம்சம் அதன் நேர்மை. நீங்கள் என்ன செலவை ஊட்டுகிறீர்களோ அதற்கேற்ற விடையை அது கொடுக்கும். சரக்கு வைத்திருப்பது பெரும் செலவு, ஆளை நிறுத்துவது செலவே இல்லை என்று எழுதிக் கொடுத்தால், ‘தேவை ஏறி இறங்கும்போதெல்லாம் ஆளை ஏற்றி இறக்கு’ என்று தயங்காமல் சொல்லும். ஹூக்ளிக் கரையின் வரலாற்றை இந்த ஒரு வரியை வைத்தே வாசிக்கலாம் என்பது என் கருத்து.

முதலில் கணக்குத் தெரியாதவர்களுக்காகச் சின்னதாக ஒரு கணக்கு. ஓர் ஆலைக்கு ஆறு மாதத் தேவை இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: முதல் மூன்று மாதம் நானூறு நானூறு பேல் (சாக்குப் பொதி), அடுத்த இரண்டு மாதம் ஆயிரம் ஆயிரம், ஆறாம் மாதம் மறுபடி நானூறு. மொத்தம் 3,600. சராசரி 600. மாதம் 600 பேல் செய்தால் போதும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். செய்து பாருங்கள். மூன்றாம் மாத முடிவில் 600 பேல் கையில் சேரும். நான்காம் மாதம் அது 200 ஆகும். ஐந்தாம் மாதம் 200 பேல் துண்டு விழும். ஆறு மாதக் கணக்கு நேராகிவிட்டது, ஐந்தாம் மாதத்து விவசாயிக்கு மட்டும் சாக்கு இல்லை. துண்டு விழாமல் இருக்க மாதம் 640 வீதம் ஐந்து மாதம் ஓட்டி, ஆறாம் மாதம் 400க்கு இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது 240 பேலுக்கு உழைத்தவர்கள் எங்கே போவார்கள்? ஆண்டு இலக்கை ஆண்டுச் சராசரியால் பார்க்கிற அதிகாரிகளிடம் இந்த ஐந்தாம் மாதத்தைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். ஹூக்ளிக் கரையின் முதல் சணல் நூற்பாலை 1855இல் ரிஷ்ராவில் ஜார்ஜ் ஆக்லண்டு நிறுவியது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்திலிருந்து இயந்திரமும் மேற்பார்வையாளர்களும் வந்தார்கள். 1870களில் லாபம் கொட்டியது. லாபத்தைப் பார்த்துப் புது ஆலைகள் முளைத்தன. சில ஆண்டுகளில் உலகம் வாங்குவதைவிட இங்கே நெய்வது அதிகமாகிவிட்டது. 1884இல் ஆலை முதலாளிகள் சங்கம் அமைத்தார்கள். 1886இல் அந்தச் சங்கம் எடுத்த முடிவுதான் கவனிக்கத்தக்கது. விலையைக் குறைத்து விற்கவில்லை, செய்து குவிக்கவும் இல்லை. எல்லா ஆலைகளும் வாரத்தில் குறைந்த நேரமே ஓடுவது என்று கையெழுத்துப் போட்டார்கள். குறைநேர ஒப்பந்தம் என்ற இந்த ஏற்பாடு விட்டு விட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. கணினியும் கிடையாது, கார்னகி நால்வர் பிறக்கவும் இல்லை. ஒரு தொழில் முழுவதும் ஒரே ஆலையைப் போல உட்கார்ந்து உற்பத்தியைத் திட்டமிட்டிருக்கிறது. சணல் நார் அநேகமாக வங்காளத்தில் மட்டுமே விளைந்ததால் அவர்களால் முடிந்தது.

இதில் அவர்கள் பிடித்துத் திருகியது நேரத்தை. சில சமயம் தறிகளுக்கு முத்திரை வைத்து நிறுத்தவும் செய்தார்கள். இரண்டும் ஒன்றே போலத் தெரியும், தொழிலாளிக்கு ஒன்றல்ல. நேரத்தைக் குறைத்தால் எல்லோருக்கும் கூலி கொஞ்சம் குறையும், எல்லோரும் உள்ளே இருப்பார்கள். தறியை நிறுத்தினாலோ ஷிப்டை எடுத்தாலோ சிலருக்கு முழுக்கூலியும் போகும்.

இரண்டும் அடுத்தடுத்து நடந்த காலம் 1929 முதல் 1931 வரை. சந்தை நன்றாயிருக்கிறது, சங்கத்துக்கு வெளியே நிற்கும் ஆலைகள் அதிக நேரம் ஓடி வியாபாரத்தைப் பிடிக்கின்றன என்று கருதி, 1929 ஜூலை முதல் வார நேரத்தை 54 மணியிலிருந்து 60 ஆக்கினார்கள். கூடுதல் ஆறு மணிக்கு உரிய கூலி எங்கே என்று கேட்டுக் கரை நெடுகப் பொது வேலைநிறுத்தம் மூண்டது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஆஸ்திரேலியக் கம்பளி, அர்ஜெண்டினா தானியம், பர்மா அரிசி என எதைக் கட்டவெல்லாம் சாக்கு போனதோ அந்த வியாபாரமெல்லாம் படுத்தது. 60 ஆக ஏற்றிய நேரத்தை ஓராண்டில் பழையபடி இறக்கினார்கள். 1931 மார்ச்சில் வாரத்துக்கு 40 மணி, தறிகளில் நூற்றுக்குப் பதினைந்துக்கு முத்திரை. பல ஷிப்ட் ஓடிய ஆலைகள் ஒற்றை ஷிப்டுக்கு மாறின. மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் எண்ணிக்கை 1931இல் இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. கணிப்பு பிழைத்ததற்கு அபராதம் கட்டியவர்கள் அவர்கள்.

முதலாளிகளும் தங்களுக்குள் ஒற்றுமையாக இருக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு பிர்லா, ஹுகும்சந்த் போன்ற மார்வாரி வணிகர்கள் ஆலை தொடங்கியிருந்தார்கள். மற்றவர்கள் நேரத்தைக் குறைக்கும்போது தான் மட்டும் ஓட்டினால் லாபம் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஒப்பந்தம் உடைந்தது. 1937இல் இன்னொரு பொது வேலைநிறுத்தம். 1938இல் வங்காள அரசே அவசரச் சட்டம் போட்டு வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. மறு ஆண்டே உலகப்போர் வந்து மணல்மூட்டைக்கு ஆர்டர் குவிய, வரம்பு காற்றில் போயிற்று.

இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் ஈடுகொடுத்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் ஆலை கேட்டுக்குப் போக வேண்டும். இங்குள்ள ஷிப்ட் முறை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. ‘ஏ’ ஷிப்ட் காலை ஆறுக்குப் போய்ப் பதினொன்றுக்கு வெளியே வரும், மறுபடி பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை. ‘பி’ ஷிப்ட் பதினொன்றிலிருந்து இரண்டு, பிறகு ஐந்திலிருந்து இரவு பத்து. இரவு முழுவதும் ‘சி’. சங்கு ஊதும்போதெல்லாம் ஒரு கூட்டம் வெளியே வரும், ஒரு கூட்டம் உள்ளே போகும். இரண்டிலும் சேராமல் மூன்றாவது கூட்டம் ஒன்று கேட்டருகே நிற்கும். அவர்கள் பத்லிகள். இன்றைக்கு எந்தத் தறிக்காரர் வரவில்லை, ஸ்பின்னிங்கில் எத்தனை பேர் குறைவு என்று பார்த்து உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அன்று கூலி உண்டு. கூப்பிடாவிட்டால் டீக்கடையில் சற்று நேரம் இருந்துவிட்டு லைன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பத்லி முறையை முதலாளியின் சூழ்ச்சி என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் வந்த தொழிலாளிக்கு ஊரில் நிலமும் குடும்பமும் இருந்தன. அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போனார், இன்றும் போகிறார். அவர் போன இடத்தை நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஏற்பாடு இருக்கிறதென்றான பிறகு, ஆர்டர் இறங்கும்போது பத்லியைக் கூப்பிடாமல் விடுவதுதான் மிக மலிவான வழியாகிவிட்டது. சட்டமும் துணை நின்றது. ஆலை லே-ஆஃப் கொடுத்தால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதே பிரிவிலேயே ‘பத்லி நீங்கலாக’ என்றும் எழுதினார்கள். ஓராண்டுத் தொடர் பணி முடித்தால் அவர் பத்லியாகக் கருதப்பட மாட்டார் என்ற விளக்கம் உண்டு. அந்த ஓராண்டு தொடர்வதும் தொடராததும் கூப்பிடுகிறவர் கையில். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்த நீங்கலை வைத்திருக்கிறது. கார்னகிக் கணக்கில் ‘ஆளை நிறுத்தும் செலவு’ என்ற இடத்தில் பூஜ்யத்தை நிரப்பிக் கொடுத்தது சட்டமே என்று சொல்லத் தோன்றுகிறது.

கணிப்பைப் பற்றியும் இந்த ஊர் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் விதைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல் ஆலை எதைத் திட்டமிடும்? 1930களின் பிற்பகுதியில் புள்ளியியலாளர் மகலனோபிஸும் அவருடைய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தாரும் மாதிரிக் கணக்கெடுப்பில் இறங்கினார்கள். வயல் வயலாக எண்ணாமல், குலுக்கிப் பொறுக்கிய சிறு கட்டங்களில் மட்டும் அளந்து மாகாணம் முழுவதற்கும் மதிப்பிட்டார்கள். முழுக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவில் வேலை முடிந்தது. வணிகத்தில் உண்மையில் புழங்கிய பேல் கணக்குக்கும் இதுவே நெருங்கி வந்தது. உலகெங்கும் மாதிரி ஆய்வு வேரூன்ற வங்காளத்துச் சணல் வயல்கள் காரணமாயின. அந்த நிறுவனம் இருப்பது பாராநகரில், பாரக்பூர் டிரங்க் சாலையில். கொல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகம் ஜோகாவுக்குப் போகுமுன் தொடங்கியதும் அதே சாலையில்தான். கணிப்பைக் கற்பிப்பவரும் திட்டமிடலைக் கற்பிப்பவரும் பத்லியும் ஒரே பஸ்ஸில் போயிருக்கக்கூடும்.

பிரிவினையைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. ஆலைகளெல்லாம் இந்தியாவில், நல்ல சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானில். 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை, சணல் வரத்து முடங்கியது. அறுபதுகளுக்குப் பிறகு பாலிபுரொப்பிலீன் வந்து வெளிநாட்டுச் சந்தையைக் கொண்டுபோயிற்று.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் சணல் பொதிப்பொருள் சட்டத்தின்படி உணவு தானியத்தைச் சணல் சாக்கில் கட்டுவது கட்டாயம். ஆகவே இந்த ஆலைகளுக்கு ஒரே பெரிய வாடிக்கையாளர் அரசு. கொள்முதல் செய்யும் மாநிலங்களும் இந்திய உணவுக் கழகமும் தங்களுக்கு எத்தனை சாக்கு வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்பு அனுப்புகின்றன. கொல்கத்தாவில் இருக்கும் சணல் ஆணையர் அலுவலகம் அதை ஆலைகளுக்குப் பிரித்து உத்தரவு போடுகிறது. ஐம்பது கிலோ பிடிக்கும் சாக்கு ஒன்றின் எடை 580 கிராம். ஐந்நூறு சாக்கு ஒரு பேல். அதாவது 290 கிலோ. கோதுமைக்கு ஏப்ரலிலும் நெல்லுக்கு அக்டோபரிலும் தேவை உச்சம். கச்சாச் சணலோ ஜூலை முதல் செப்டம்பர் வரை அறுவடையாகிறது; வருடம் முழுக்க ஓட்ட வேண்டிய நாரைச் சில மாதங்களில் வாங்கிப் போட வேண்டும். சணல் ஈரத்தைக் குடிக்கும், எளிதில் தீப்பற்றும், அதற்குப் போட்ட பணத்துக்கு வட்டி ஓடும். கேட்பு வராமல் சாக்கு தைத்து அடுக்கிவைக்க ஆலைகள் பொதுவாகத் துணிவதில்லை.

இந்த அமைப்பு எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பதற்கு 2020 முதல் 2022 வரையான காலத்தைப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. கோதுமைப் பருவம் தொடங்கும் நேரத்தில் ஆலைகள் மூடிக் கிடந்தன. கோதுமை காத்திருக்காது. மத்திய அரசு பிளாஸ்டிக் சாக்குக்கு அனுமதி கொடுத்தது. மே மாதம் அம்பான் புயல் தென்வங்கத்தைப் புரட்டியபோது வயலில் நின்ற சணலும் அடிவாங்கியது. கச்சாச் சணல் விலை ஏறிக்கொண்டே போயிற்று. பதுக்கலைத் தடுக்கக் கையிருப்புக்கு உச்சவரம்பு வந்தது. 2021 செப்டம்பர் 30ஆம் தேதி சணல் ஆணையர் கச்சாச் சணலுக்குக் குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார். சந்தையில் அந்த விலைக்குச் சரக்குக் கிடைக்கவில்லை. சாக்குக்கு அரசு தரும் விலையோ அந்த 6,500ஐ ஒட்டிக் கணக்கிடப்பட்டது.

ஓர் ஆலை மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பாருங்கள். எவ்வளவு உற்பத்தி என்பதை உத்தரவு சொல்கிறது. விற்கும் விலையை அரசு சொல்கிறது. வாங்கும் விலைக்கு உச்சம், வைத்திருக்கும் சரக்குக்கும் உச்சம். மிச்சம் எதைக் கூட்டிக் குறைக்க முடியும்? 2022இன் தொடக்க மாதங்களில் ஆலைக்குப் பின் ஆலையாக வாசலில் ‘வேலை நிறுத்திவைப்பு’ நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அது அரசியலாகி, பாரக்பூர் மக்களவை உறுப்பினர் தம் சொந்தக் கட்சியின் மத்திய அரசை எதிர்த்தே பேசும் அளவுக்குப் போயிற்று. 2022 மே 20 முதல் உச்ச விலையை விலக்கினார்கள்.

அதே வசந்த காலத்தில் இன்னொன்று நடந்தது. சணலையும் கோதுமையையும் சேர்த்துப் பேசுவோர் குறைவு என்பதால் அதைச் சொல்லியாக வேண்டும். 2022 கோதுமைப் பருவத்துக்கு அரசு முதலில் வைத்த கொள்முதல் இலக்கு 444 லட்சம் டன். முந்தைய ஆண்டு வாங்கியது 433 லட்சம் டன் என்பதால் அது நியாயமான இலக்கு. மார்ச்சில் அடித்த வெயிலில் மணி சுருங்கியது. உக்ரைன் போரால் வெளிச்சந்தை விலை ஏறி, விவசாயி தனியாரிடம் போனார். கடைசியில் அரசு வாங்கியது சுமார் 188 லட்சம் டன். முந்தைய ஆண்டைவிட 245 லட்சம் டன் குறைவு. ஐம்பது கிலோ சாக்கில் கட்டியிருந்தால் 49 கோடி சாக்கு. ஏறக்குறைய பத்து லட்சம் பேல். எல்லாக் கோதுமையும் புதுச் சணல் சாக்கில் போவதில்லை, கொஞ்சம் சேமிப்புக் கலத்துக்குப் போகும், கொஞ்சம் பழைய சாக்கில் போகும் என்று கழித்துக்கொண்டாலும் இது ராட்சதப் பிழை. இத்தனை பெரிய பிழையை எந்த மாதிரிக் கணக்கெடுப்பும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. மகலனோபிஸ் விதைத்த ஏக்கரை அளந்தார். மார்ச் மாத வெயிலையும் கருங்கடல் போரையும் அளக்க அவராலும் ஆகாது.

கணிப்பைத் திருத்துங்கள், நல்ல மென்பொருள் வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலோசகர்கள் சொல்கிறார்கள். கணிப்பு மேம்பட வேண்டியதுதான். ஆனால் பிழை மிஞ்சும். மிஞ்சும் பிழையை எங்கே வைப்பது என்பதை யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். கிடங்கில் சாக்காக வைக்கலாம். ஓவர்டைமாக வைக்கலாம். தஞ்சாவூர்க் களத்தில் நனையும் நெல்லாக வைக்கலாம். கேட்டுக்கு வெளியே நிற்கும் ஆளாக வைக்கலாம். இங்கே நாம் பெரும்பாலும் கடைசி இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். அவை மலிவானவை என்பதால் வைக்கவில்லை. அவற்றின் செலவு ஆலைக் கணக்கிலும் வராது, அரசுக் கணக்கிலும் வராது என்பதால் வைத்தோம்.

என் யோசனையைக் கேட்பீர்கள். சாக்கின் தேவை ஆட்டம் காண்பது கோதுமையாலும் நெல்லாலும். அந்த ஆட்டத்தின் சொந்தக்காரர் வாங்குபவரான அரசு. ஆகவே தயார்ச் சாக்கின் தாங்கு கையிருப்பை அரசே வைத்திருக்க வேண்டும். ஆலையின் தலையில் கட்டினால் அது வேலை நாளாக மாறித் தொழிலாளி தலையில் இறங்கும். தானியத்துக்கு மத்தியத் தொகுப்பில் கையிருப்பு வைக்கிறோம். அதைக் கட்டும் சாக்குக்கு வைக்கத் தயங்குகிறோம். இரண்டாவது, ஆண்டுத் தேவையில் ஒரு பங்கை மாதாமாதம் மாறாத அடிப்படை ஆர்டராக ஆலைகளுக்குக் கொடுத்துவிட்டு, மேலே ஆடும் பங்கை மட்டும் பருவத்தை ஒட்டி விடலாம். அடிப்படை ஆர்டர் வாங்கும் ஆலை பத்லிக்கு மாதத்தில் இத்தனை நாள் வேலை என்று உறுதி கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதே உத்தரவில் எழுதலாம்.

நிதித்துறையில் இருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கையிருப்புச் சாக்கில் முடங்கும் பணத்துக்கு வட்டி யார் கட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சணல் சாக்கு ஏற்கெனவே பிளாஸ்டிக்கைவிட விலை அதிகம், இன்னும் ஏற்றலாமா என்றும் கேட்கலாம். என் பதில் இதுதான்: 2020இல் ஆலை மூடியபோது பிளாஸ்டிக்குக்குக் கதவு திறந்தது. சாக்குக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் அகலும். அந்த வழியே போன வாடிக்கையாளரைத் திருப்பிக் கொண்டுவரும் செலவோடு ஒப்பிட்டால் வட்டி பெரிய தொகை இல்லை.

யார் இதைச் செய்வது என்பதுதான் சிக்கல். கொல்கத்தாச் சணல் ஆணையருக்குக் கோதுமை மேல் அதிகாரம் கிடையாது. டெல்லி உணவுத்துறைக்குப் பாட்பாரா கேட்டில் நடப்பது கணக்கில்லை. சணல் ஜவுளித்துறையின் கீழ், தொழிலாளி மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ், நெல் எங்கள் ஊர் வாணிபக் கழகத்தின் கீழ்.

தமிழ்நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். 2022இல் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். கச்சாச் சணலின் உச்ச விலையை விலக்கி நான்கே நாள் ஆகியிருந்தது. குறுவை முந்தியது. அக்டோபரில் தொடங்கும் கொள்முதலைச் செப்டம்பர் முதல் தேதியே தொடங்க மத்திய அரசிடம் அனுமதி வாங்கினார்கள். டெல்டாவுக்கு நல்ல செய்திதான். ஆனால் செப்டம்பரில் களத்துக்குச் சாக்கு வந்து சேர வேண்டுமானால் ஜூன், ஜூலையிலேயே ஆலை அதை நெய்ய வேண்டும். பழைய சணல் தீர்ந்து புதுச் சணல் இன்னும் வராத மாதங்கள் அவை. கோடையில் பிகாருக்குப் போன தறிக்காரர்களில் பலர் திரும்பியிராத மாதங்களும் அவையே. மேட்டூர் மதகைத் திறக்கும் உத்தரவின் நகல் ஒன்று கொல்கத்தாச் சணல் ஆணையர் அலுவலகத்துக்கும் அன்றே போக வேண்டும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.